ஏகபுத்திரன்

பேர்கன், நோர்வே
2025 ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீங்கள் என் தொலைபேசி இலக்கத்தைத் தடுத்து வைத்திருப்பதால், முப்பது வருடத்துக்குப் பிறகு மறுபடியும் பேனா பிடிக்கிறேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை என்ற கோபம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை என்று விளங்குகிறது. என் நிலைமையை இருபது தடவை விளக்கிவிட்டேன். இனி விளக்கப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சித்திரையில் அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசம். அதற்கு ஒரு நினைவு மலர் வெளியிடுகிறோம். செத்தவீடுகளில் வழமையாகக் கொடுக்கிற நாலு பக்கக் கல்வெட்டு அல்ல, நாற்பது பக்கம், வழுவழுப்புத் தாள், முழு வர்ணம். இங்கே ஒரு மண்டபத்தில் வெளியீடு. பேராசிரியர் ஒருவர் தலைமை தாங்கச் சம்மதித்திருக்கிறார். உங்களுக்கு இரண்டு பெட்டி அனுப்புவேன். ஊரில் கொடுங்கள்.

வாழ்க்கை வரலாற்றை நானே எழுதினேன். தொடக்கம் இப்படி: "கிழக்கிலங்கையின் முத்தாம் பாண்டிருப்பு மண்ணில் பெருங்குடியில் உதித்து, வாசற்படி தாண்டாக் குலமகளாய் வளர்ந்து, கடற்றொழில் அதிபர் அமரர் கோணாமலை அவர்களின் பாரியாராய் வளமான இல்லறம் நடாத்தி, ஏகபுத்திரன் குணரெத்தினத்தையும் ஏகபுத்திரி மனோன்மணியையும் ஈன்றெடுத்த அன்னை சுந்தரம்மா அவர்கள்..." மிகுதியை இணைத்திருக்கிறேன். வாசித்தவர்கள் கண்கலங்கினார்கள்.

செத்தவீட்டுப் படம் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல். பாடையை முன்னால் தூக்கிக்கொண்டு போகிறவர் தொப்பி போட்டிருக்கிறார். இங்கே நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். ஆகவே வடிவமைப்பாளரிடம் சொல்லித் தொப்பியை எடுப்பித்துவிட்டேன். நீங்கள் பெயர்களில் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.

தங்கள் அன்புத் தம்பி,
கோ. குணரெத்தினம்
செயலாளர், பாண்டிருப்பு மக்கள் ஒன்றியம்


பாண்டிருப்பு
2025 பெப்ரவரி 3

குணம்,

உன் கடிதமும் மலரின் மாதிரியும் கிடைத்தன. இரண்டு தடவை வாசித்தேன். யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று விளங்கியது. யார் என்றுதான் விளங்கவில்லை.

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் பிழை.

'வாசற்படி தாண்டாக் குலமகள்' என்று எழுதியிருக்கிறாய். நீ பிறந்த குடிசைக்கு வாசற்படியே இருக்கவில்லை. தாண்டுவதற்கு ஒரு படி இருந்திருந்தால் அதையும் அம்மா ஒரு நாளைக்கு நாற்பது தடவை தாண்டியிருப்பாள். விடிய முதல் கரைக்குப் போய், மீன் வாங்கி, கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிட்டங்கித் துறையைத் தாண்டிச் சொறிக்கல்முனை வரைக்கும் நடந்தவள் அவள். அங்கே வீடு வீடாக மீனைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு திரும்புவாள். மாரியில் கிட்டங்கியில் தண்ணீர் இடுப்புக்கு ஏறினால் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவாள். அந்த நெல்லில்தான் உனக்கு உடம்பு வந்தது. உன் நாற்பது பக்கத்தில் ஒரு மீன் செதில்கூட இல்லையே, தம்பி. பேராசிரியருக்கு மணக்கும் என்று பயந்தாயா?

அப்பா 'கடற்றொழில் அதிபர்' ஆனது எப்போது? அந்த மனுசன் சாகும்வரை மற்றவன் வலையை இழுத்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கையை நீ விபரம் தெரிந்து பார்த்ததில்லை, சரி. எனக்கு நினைவிருக்கிறது.

படத்துக்கு வருகிறேன். தொப்பியை எடுத்துவிட்டு உன் வடிவமைப்பாளர் அந்த இடத்தில் கறுகறுவென்று மயிர் நட்டு, பக்கவகிடும் எடுத்துவிட்டிருக்கிறார். ஜவுபருக்குத் தலை வழுக்கையாகி இருபது வருடமாகிறது. படத்தை அவனிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். "ராத்தா, இந்த மனுசன் ஆரு? நல்ல வடிவா இரிக்காரு" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கடைசியாக அந்தச் சொல். ஏகபுத்திரன்.

நீ மறந்துவிட்டதைத் தெரியாததுபோல நடிப்பதால், தெரியாதவனுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். எங்கள் வளவுக்கும் முஸ்லிம்களின் மருதமுனைக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைதான். அப்பாவோடு வலை இழுத்த றவூப் காக்காவின் பெண்சாதி பிள்ளையைப் பெற்றுவிட்டு அன்றைக்கே மௌத்தாகிக் கண்ணை மூடினா. றவூப் காக்கா பச்சைப் பிள்ளையைச் சாரனில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் குடிசைக்கு வெளியே நின்றாராம். அப்போது நான் ஆறு மாதக் குழந்தை. அம்மா என்னை ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிட்டு ஜவுபரை மற்றப் பக்கம் போட்டாள். ஒன்றரை வயது வரைக்கும் குடித்தான். அவளை உம்மா என்றான், என்னை அக்கா முறையில் ராத்தா என்றான். உம்மா என்றே கூப்பிட்டு அறுபது வருடம் இந்த வீட்டுக்கு வந்துபோனான். அவன் கோழியை அறுத்துக் கொண்டுவந்து கொடுக்க, அவனுக்கென்றே வைத்திருந்த தனிச் சட்டியில் அம்மா கறி வைப்பாள். கடைசி மூன்று வருடமும் அம்மா படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதும் தூக்கிவந்ததும் அவன். நீ திரையில் முகத்தைக் காட்டி, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

அவன் குடித்தது என் பங்குப் பால். நீ அப்போது பிறக்கவேயில்லை. எனக்கில்லாத வயிற்றெரிச்சல் உனக்கு எதற்கு? ஏகபுத்திரனை வெட்டு. புத்திரர் என்று போட்டு, முதலில் ஜவுபர், அடுத்தது நீ என்று எழுது.

மனோன்மணி


பேர்கன்
2025 பெப்ரவரி 24

அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்தபோது ஒன்று உறுதியானது. ஊரை விட்டு வெளியே ஒரு தடவையாவது போய் நின்று பார்த்தவனுக்குத்தான் ஊரை எப்படிக் காட்ட வேண்டும் என்று தெரியும். கடகம் தூக்கியதையும் சீலையைச் செருகியதையும் அச்சடித்து முன்னூறு பேருக்குக் கொடுப்பதில் அம்மாவுக்கு என்ன பெருமை? அவள் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் மறைக்கிறேன். பெற்றவளைச் சபையில் வைக்கும்போது பட்டுடுத்தித்தான் வைப்பார்கள்.

இனி ஜவுபர் விஷயம். பால் கொடுத்தது புண்ணியம். யார் இல்லையென்றார்கள்? ஆனால் புண்ணியம் செய்த இடமெல்லாம் பிள்ளை பிறக்குமா? அப்படியென்றால் பால்மா விற்கிற கடைக்காரனுக்குக் கல்முனையில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள்? நன்றியுள்ள மனுசன், வந்து உதவி செய்தார். நாங்களும் நன்றி சொல்வோம். அதோடு முடிய வேண்டிய கதையை நீங்கள் இரத்த உறவாக்குகிறீர்கள். தொண்ணூறாம் ஆண்டு அங்கே எங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதையும் மறந்துவிட்டீர்களா? இங்கே மறக்காதவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பார்கள்.

அவர்களும் எங்களை அப்படி ஒன்றும் உறவாக மதிப்பதில்லை. நான் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வந்தபோது அவருடைய மூத்த மகள் தலையில் முக்காடுகூட இல்லாமல் தேத்தண்ணி கொண்டுவந்து என் முன்னால் நின்றாள். வாப்பா இருக்கிற வீட்டில் அந்நிய ஆம்பிளைக்கு முன்னால் இப்படியா வருவது என்று நான்தான் புத்தி சொன்னேன். பிள்ளை முகம் கறுத்து உள்ளே ஓடிவிட்டது. அவர்களுடைய ஒழுக்கத்தை அவர்களுக்கே நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் உங்களுக்காக இறங்கி வருகிறேன். கடைசிப் பக்கத்து நன்றி நவிலலில் 'குடும்ப நண்பர் திரு. ஜவுபர்' என்று தடித்த எழுத்தில் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். நான் கொள்ளி வைக்கவில்லை, மண் போடவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாகக் கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன், அதுவும் நடுவில் அறுந்துபோனது. அவளுக்கு ஒரே மகன் என்ற அந்த இடம் ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதையும் பங்கு போடச் சொல்லாதீர்கள்.

குணரெத்தினம்


பாண்டிருப்பு
2025 மார்ச் 17

குணம்,

மிச்சமான இடத்தைப் பற்றி நீ எழுதிய வரிகளில் மட்டும் கொஞ்சம் நின்றேன். இரக்கம் வந்தது. பிறகு பால்மாக் கடைக்காரனை நினைத்தேன், இரக்கம் போய்விட்டது.

நீ எண்பத்தேழில் விமானம் ஏறினாய். தொண்ணூறைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாய். நான் இங்கேதான் இருந்தேன். நாங்களும் செத்தோம், அவர்களும் செத்தார்கள். இரண்டு பக்கத்தாலும் ஒழுங்கையை அடைத்து வைத்திருந்தார்கள். அம்மா மட்டும் சோற்றுப் பொட்டலத்தோடு ஜவுபரின் வீட்டுக்குப் போய்வந்தாள். அந்தப் பக்கத்தாரும் ஏசினார்கள், இந்தப் பக்கத்தாரும் ஏசினார்கள். அவள் நின்று இரண்டு பக்கத்தாருக்கும் திருப்பி ஏசிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். உன் முன்வரிசை அப்போது எங்கே இருந்தது என்று கேட்டுச் சொல்.

முக்காட்டுக் கதையைப் பெருமையாக எழுதியிருக்கிறாயே, உனக்கு வெட்கமே இல்லையா? அவர்களுடைய மார்க்கத்தில், ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள். பால் கொடுத்தவள் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஜவுபரின் மகளுக்கு நீ சாச்சா, வாப்பாவின் தம்பி. சாச்சாவுக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் முக்காடு போடுவதில்லை. அவள் அன்று உன்னைச் சாச்சா என்று கூப்பிடத்தான் வந்தாள். தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கூப்பிடுவோம் என்று நின்றாள். நீ அந்நிய ஆம்பிளை என்றாய். அதற்குப் பிறகு நீ ஊருக்கு வந்த இரண்டு தடவையும் ஜவுபர் உன் கண்ணில் படவில்லை. வேலை கூடிப்போச்சு என்று நீ நினைத்தாய்.

இன்னும் ஒன்றிருக்கிறது. இதை அம்மா உனக்குச் சொல்லவில்லை. எண்பத்தாறில் நீ கொழும்பில் வெளிநாடு போக முகவர் வாசலில் காத்துக்கிடந்தபோது நடந்தது.

மருதமுனையில் பாத்தும்மா என்று ஒருத்தி. ஜவுபர் அவளை விரும்பினான். அவளும் அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பெண்ணுக்கு வீடு கட்டிக் கூரையும் போட்டாயிற்று. அந்த நேரத்தில் ஒரு கிழட்டு மருத்துவிச்சி வாயைத் திறந்தாள். பாத்தும்மா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் உம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனதாம். பிள்ளைக்குப் பால் கொடுத்தது சுந்தரம்மாவாம். ஒரே தாயிடம் குடித்தவர்கள் என்றால் அண்ணன் தங்கை. நிக்காஹ் முடிக்க ஏலாது. ஆனால் ஒரு கணக்கிருக்கிறதாம். ஐந்து தடவைக்குக் குறைவாகக் குடித்திருந்தால் அந்த உறவு சேராதாம்.

ஊர்ப் பெரியவர்களும் மார்க்கம் படித்த ஆலிமும் வந்து கேட்பதற்கு முதல் நாள் பின்னேரம் பாத்தும்மாவின் உம்மா அழுதுகொண்டு வந்தா. ஜவுபரும் வந்தான். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "உம்மா, ரெண்டு மூணு தரம்தான் குடுத்த எண்டு சொல்லுங்க. வேற ஆருக்கும் தெரியாது" என்று அவன் அம்மாவின் காலடியில் இருந்து கெஞ்சினான். அவள் அவன் தலையைத் தடவினாள்.

அடுத்த நாள் ஆலிம் எத்தனை தடவை என்று கேட்டார். "எண்ணிக் குடுக்க இது என்ன சந்தைச் சாமானா? அழுதிச்சி, குடுத்தன். மாசக்கணக்கில குடிச்சிது" என்றாள் அம்மா. "அப்ப ரெண்டு பேரும்?" என்று ஆலிம் கேட்டார். "ஓம். ரெண்டும் என்ட புள்ளைகள்" என்றாள். அவ்வளவுதான். வந்தவர்கள் எழுந்து போனார்கள். கடகம் சுமந்த ஒரு தமிழ்ப் பொம்பிளையின் சொல்லை அந்தப் பெரிய மனுசர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கலியாணம் நின்றது. பாத்தும்மாவை இறக்காமத்தில் ஒரு வயல்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஒரு பொய் சொன்னால் என்ன என்று நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். "அண்ணனையும் தங்கச்சியையும் ஒரு பாயில படுக்க வைக்கச் சொல்றியா? அதுகள் நம்புறது பொய் எண்டா, என்ட பால் குடிச்சி அந்தப் புள்ள அழுகை ஓய்ஞ்சதும் பொய்தானே" என்றாள். ஒரு மாதம் ஜவுபர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா அவனுடைய சட்டியைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். ஒரு நாள் மத்தியானம் வந்தான். நேரே குசினிக்குள் போய் இருந்து, "சோறு இரிக்கா உம்மா?" என்றான். அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை இரண்டு பேரும் அதைக் கதைக்கவில்லை.

பாத்தும்மா குடித்தது யாருடைய பங்கு தெரியுமா? உன்னுடையது. நீ மடியில் கிடந்த வருடம் அது.

உன் நன்றி நவிலலை ஜவுபரிடம் சொன்னேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குப் பேர் வேணாம் ராத்தா. நன்றியும் வேணாம். ஆனா ஏகபுத்திரன் எண்டு மட்டும் போட வேணாம் எண்டு தம்பிக்கு எழுதுங்க. உம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான் மகன் எண்டா, நான் எதுக்காகப் பாத்தும்மாவ விட்ட?"

இதற்கு மேல் நான் கெஞ்ச மாட்டேன்.

மனோன்மணி


பேர்கன்
2025 ஏப்ரல் 4

அன்பு அக்கா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதிய அந்தக் கதை எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்தப் பிள்ளை தேத்தண்ணியோடு நின்றதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

மலர்க் குழுவில் பேசினேன். முழுவதையும் சொல்லவில்லை, ஒரு முஸ்லிம் பெயர் வரலாமா என்று பொதுவாகத்தான் கேட்டேன். பெரிய வாக்குவாதமாகிவிட்டது. போட்டால் வெளியீட்டுக்கு வரமாட்டோம் என்று சிலர் சொன்னார்கள். போடாவிட்டால் உங்கள் முகத்தில் நான் இனி விழிக்க முடியாது. ஆகவே ஒருவருக்கும் மனத்தாங்கல் வராதபடி ஒரு முடிவு எடுத்தேன். ஏகபுத்திரனை எடுத்துவிட்டேன். அதோடு பிள்ளைகள் என்ற பந்தியையே எடுத்துவிட்டேன். என் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. செத்தவீட்டுப் படமும் இல்லை. கடகத்துக்குப் பதிலாக 'உழைப்பால் உயர்ந்தவர்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதுதான் நடந்திருக்கிறது. பெட்டிகள் திவசத்துக்கு முதலே வந்துசேரும். ஜவுபரிடம் சொல்லுங்கள், அந்தச் சொல் இல்லையென்று.

குணம்


பாண்டிருப்பு
2025 ஏப்ரல் 29

குணம்,

பெட்டிகள் வந்தன. நல்ல தாள்தான். ஆனால் உன் நாற்பது பக்கத்தில் அம்மா பிள்ளை பெறாமலே செத்திருக்கிறாள். எண்பத்தாறு வயது வரைக்கும் வாழ்ந்து, உழைப்பால் உயர்ந்து, ஒரு பிள்ளைக்கும் ஒரு வாய்ப் பால் கொடுக்காமல் போய்ச்சேர்ந்திருக்கிறாள். ஒருவரின் மனமும் நோகாமல் பெற்ற தாயை மலடியாக்கிய செயலாளர் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். அதில் நீ ஏகன். சந்தேகமில்லை.

நடுவில் நிற்கிறேன் என்று நினைக்கிறாய். அம்மாவும் நடுவில்தான் நின்றாள். அவளுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழுந்தது. உனக்கு எந்தப் பக்கத்தால் விழுந்தது?

திவசம் நடந்தது. என் மகன் துலக்சன் பேரனாக இருந்து எல்லாம் செய்தான். ஜவுபர் அரிசி மூட்டையோடு விடியவே வந்து, பந்தி முடியும்வரை வெளியே நின்று தண்ணீர் ஊற்றினான். மலரைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். "அந்தச் சொல்லு இல்ல" என்றான். அதற்குப் பிறகும் புரட்டிக்கொண்டே இருந்தான். வேறு என்ன இருக்கும் என்று தேடினானோ, நான் கேட்கவில்லை.

பந்தி முடிகிற நேரம் ஓட்டோவில் ஒரு பொம்பிளை வந்து இறங்கினா. வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எனக்கு ஆள் யாரென்று மட்டுப்படவில்லை. பாத்தும்மா. முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு இந்த வளவுக்குள் கால் வைத்தாள். புருசன் போய்விட்டாராம். பிள்ளைகள் எல்லாம் கரைசேர்ந்துவிட்டார்களாம். உம்மாவுக்குத் திவசம் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டு வந்தாளாம். உம்மா என்றுதான் சொன்னாள். ஜவுபரைப் பார்த்து, "சொகமா நானா?" என்று கேட்டாள். அவன் "ஓம் தங்கச்சி" என்றான். அந்த இரண்டு சொல்லையும் அவர்கள் சொன்ன விதத்தை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. வந்திருந்தால் கேட்டிருப்பாய்.

சாப்பிட்டு முடிந்ததும் மலரை வாங்கிப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். முடித்துவிட்டு என்னிடம், "எங்கட பேர் எந்தப் பக்கத்தில இரிக்கி ராத்தா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். என் பெயரும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"ரெண்டும் என்ட புள்ளைகள் எண்டு அவ ஒரு சொல்லுச் சொன்னா. அந்தச் சொல்லுக்கு நாங்க ரெண்டு பேரும் அடங்கிப் போனம். கட்டி முடிச்ச வீட்ட விட்டுட்டுப் போனன். அந்தச் சொல்ல எழுத உங்கட தம்பிக்குக் கை வரல்லயா?"

உன்னோடு ஒரே மடியில் கிடந்து குடித்தவள், குணம். ஜவுபரை நானா என்றாள். உன்னை 'உங்கட தம்பி' என்றாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்னுடையதல்ல. போகும்போது விலாசத்தைக் கேட்டு வாங்கி வைத்தேன்: பாத்தும்மா, குளத்து வீதி, இறக்காமம்.

எனக்கு இனி எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

மனோன்மணி